ஆடுகளத்திலே பிணக்கும் தலைமையும்



மாசி மாதத்து மாலைப்பொழுது. பாடசாலை மைதானம் ஒன்றிலே இல்ல விளையாட்டுப் போட்டி முடிவுறுந் தறுவாயில் இருக்கிறது. இறுதி நிகழ்ச்சியான அஞ்சலோட்டத்திலே சிவப்பு இல்லத்தவனும் நீல இல்லத்தவனும் நெஞ்சோடு நெஞ்சாக வந்து நூலை அறுக்கின்றனர். முடிவிடத்து நடுவர் இருவரில் ஒருவர் சிவப்பு என்கிறார். மற்றவர் நீலம் என்கிறார். அந்தப் புள்ளிகளிலேதான் அவ்வாண்டின் கேடயம் தங்கியிருக்கிறது. பெற்றார் கூடாரத்தை விட்டு எழுந்து வருகின்றனர். பழைய மாணவர் ஒருவர் ஒலிபெருக்கியைக் கைப்பற்ற முனைகிறார். பரிசளிக்க வந்த பிரமுகர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். இத்தனைக்கும் நடுவே, புள்ளிப் பதிவேட்டைக் கையிலே பிடித்தவண்ணம் ஓர் இளைஞன் நிற்கிறான். அவன் விளையாட்டு முகாமைத்துவம் பயிலும் மாணவன். செய்முறைப் பயிற்சிக்காக அப்பாடசாலைக்கு வந்தவன். ஐந்து நிமிடத்துக்குள் அவன் ஏதேனும் செய்தாக வேண்டும்.

இத்தகைய காட்சியைக் கண்டிராத பாடசாலை நம் நாட்டிலே அரிது. ஆயின் அவ்விளைஞனின் கலக்கத்தை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. மைதானத்தை அளந்து கோடிடுவது, நிகழ்ச்சி நிரல் தயாரிப்பது, நிதி திரட்டுவது, கணக்கு வைப்பது, வீரருக்கு உணவும் மருத்துவமும் கிடைக்கச் செய்வது ஆகிய யாவும் அவன் கற்கும் கல்வியில் அடங்கும். பிணக்கு முகாமை என்றொரு பகுதியும் அதிலே உண்டு. பிணக்கைக் கையாளும் வழிகள் ஐந்து என்று 1974 ஆம் ஆண்டிலே தோமஸ், கில்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் வகுத்தனர். வலிந்து வெல்லல், விட்டுக்கொடுத்தல், விலகிப் போதல், பாதி பாதியாகச் சமரசம் செய்தல், ஒத்துழைத்தல் என்பன அவை. பரீட்சைக்காக இவ்வைந்தையும் மனனஞ் செய்வதற்கு அரை நாழிகை போதும். எதனை எப்போது எடுப்பது என்பதுதான் வில்லங்கம். அதற்கு விடை தேடப் புகுந்தால், பாடநூலை மூடிவைத்துவிட்டு உண்மையிலே நடந்த சில நிகழ்ச்சிகளைப் பார்ப்பதே மேல்.

அதற்கு முன் ஒரு பெண்மணியின் பெயரைக் குறிப்பிட வேண்டும். மேரி பார்க்கர் பொலெற் என்பவர் 1868 ஆம் ஆண்டு அமெரிக்காவிலே பிறந்தவர். பிணக்கு என்பது நோயுமன்று, போருமன்று. அது வேற்றுமை வெளிப்படும் ஒரு கணம் மட்டுமே என்று 1925 ஆம் ஆண்டிலே ஒரு சொற்பொழிவில் அவர் எடுத்துரைத்தார். நூல்நிலையத்துச் சிறிய அறையொன்றிலே நிகழ்ந்த சம்பவத்தை அவர் உதாரணமாகக் காட்டினார். ஒருவருக்குச் சாளரம் திறந்திருக்க வேண்டும். மற்றவருக்கு மூடியிருக்க வேண்டும். அடுத்த அறையின் சாளரத்தைத் திறந்தார்கள். ஒருவருக்கு வேண்டிய காற்று வந்தது. மற்றவர்மீது வாடை வீசவில்லை. சாளரத்தைப் பாதி திறந்திருந்தால் அது சமரசம், இருவருக்குமே மனக்குறை. இருவரும் உண்மையில் வேண்டியது யாது என்று ஆராய்ந்தமையால் எவரும் எதையும் இழக்கவில்லை. இதனை அவர் ஒருங்கிணைப்பு என்றார். மிகச் சிறிய உதாரணந்தான். ஆயினும் பின்வந்த பெருநூல்கள் பல இந்தச் சாளரத்தின் வழியாகவே உலகைப் பார்க்கின்றன.

இனி, விளையாட்டு நட்பை வளர்க்கும் என்று பரிசளிப்பு மேடைகளிலே தவறாது சொல்லப்படும் கூற்றை எடுத்துக்கொள்வோம். இது எப்போதும் மெய்தானா?

முசாபர் ஷெரிவ் என்னும் உளநூலறிஞர் துருக்கியிலே 1906 ஆம் ஆண்டு பிறந்தவர். இளமையிலே, அயலவராய் வாழ்ந்த இனத்தவர் ஒருவரையொருவர் வெட்டி மடிந்த கொடுமையைக் கண்ணாற் கண்டவர். அமெரிக்காவிலே குடியேறிய பின்னும் அந்நினைவு அவரை விட்டு அகலவில்லை. குழுவுக்கும் குழுவுக்கும் பகை எவ்வாறு மூளுகிறது, எவ்வாறு தணிகிறது என்பதைக் காண விரும்பி, 1954 ஆம் ஆண்டுக் கோடையில் ஒக்லஹோமா மாநிலத்திலே, 'கள்வர் குகை' என்று பெயர் பெற்ற பூங்காவிலே, இருபத்திரண்டு சிறுவரைக் கொண்டு ஒரு பாசறை நடத்தினார். பதினொரு வயது மதிக்கத்தக்க பிள்ளைகள். ஒரே மதம், ஒத்த குடும்பநிலை, ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர்கள். அவர்களை இரண்டு அணியாகப் பிரித்து, ஓர் அணி இருப்பதே மற்ற அணிக்குத் தெரியாதவாறு ஏறக்குறைய ஒரு வாரம் வைத்திருந்தனர். ஓரணியினர் தமக்குக் கழுகுகள் என்று பெயரிட்டுக்கொண்டனர். மற்றையோர் கிலுகிலுப்பைப் பாம்புகள் என்றனர். ஷெரிவ் அவர்களோ பாசறைப் பராமரிப்பாளர்போல் நடமாடி எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தார்.

பின்னர் இரு அணிக்கும் போட்டி ஏற்பாடாயிற்று. அடிபந்தாட்டம், கயிறிழுத்தல், கூடாரம் அடித்தல் எனப் பல நிகழ்ச்சிகள். வெல்லும் அணிக்கு வெற்றிச் சின்னம். அவ்வணியின் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பதக்கம், ஒரு பேனாக்கத்தி. தோற்றவருக்கு ஒன்றுமில்லை. இந்த ஒழுங்கு ஒன்றே போதுமானதாயிற்று. கயிறிழுத்தலிலே தோற்ற கழுகணியினர், பாம்பணியினரின் கொடியைக் கண்டு அதற்குத் தீ மூட்டினர். மறுநாள் கைகலப்பு. அதன்பின் ஒருவர் குடிலுள் மற்றவர் புகுந்து கட்டில்களைப் புரட்டினர். இறுதியிலே கழுகணி வென்றபோது, பாம்பணியினர் சென்று பதக்கங்களையும் கத்திகளையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டனர். சில நாள்களுக்கு முன் ஒருவரையொருவர் அறியாதிருந்த நல்ல பிள்ளைகள் இவர்கள்.

விரோதத்தைத் தணிக்க முதலிலே எடுத்த முயற்சியையும் கவனிக்க வேண்டும். இரு அணியையும் ஒரே மண்டபத்திலே உண்ண வைத்தார்கள். ஒன்றாகப் படம் பார்க்க வைத்தார்கள். பலன் என்ன? உணவை ஒருவர்மீது ஒருவர் வீசி எறிந்தனர். போட்டி முடிந்ததும் தேநீர் விருந்து வைத்தாற் போதும், மனக்கசப்பு மறைந்துவிடும் என்று எண்ணும் விளையாட்டுச் செயலாளர்கள் நம்மிடையேயும் உளர். அவர்கள் இவ்விடத்தைச் சற்று நின்று பார்ப்பது நன்று.

அதன்பின் ஷெரிவ் வேறொன்று செய்தார். பாசறைக்கு வரும் தண்ணீர் நின்றுபோயிற்று. அதாவது, நிற்கச் செய்யப்பட்டது. பழுது எங்கே என்று தேட இரு அணியும் வேண்டியிருந்தது. விரும்பிய படமொன்றை வரவழைக்க இரு அணியும் காசு சேர்க்க வேண்டியிருந்தது. ஒரு நாள், உணவு கொண்டுவரப் போக வேண்டிய லொறி இயங்க மறுத்தது. தள்ளிப் பார்க்கவும் இயலாத இடம். பிள்ளைகளிடம் ஒரு கயிறு இருந்தது. முன்பு ஒருவரையொருவர் மண்ணிலே இழுத்து வீழ்த்தப் பயன்பட்ட அதே கயிறு! அதனை லொறியிலே கட்டி எல்லோரும் ஒரு பக்கமாக நின்று இழுத்தனர். லொறி புறப்பட்டது. ஒரே நாளிலே பகை மறைந்துவிடவில்லை. இத்தகைய வேலைகள் பல சேர்ந்தே சிறிது சிறிதாக அதனைக் கரைத்தன. வீடு திரும்பும்போது பெரும்பாலோர் ஒரே வண்டியிலே போக விரும்பினர். வழியிலே தங்கிய இடத்தில், பாம்பணியினர் தாம் முன்னர் வென்றிருந்த ஐந்து டொலரைச் செலவிட்டு எல்லோருக்கும் பால்பானம் வாங்கிக் கொடுத்தனர்.

இந்த ஆராய்ச்சியிலே குறையில்லை என்பதற்கில்லை. பிள்ளைகளின் கோபத்தைப் பெரியவர்களே தூண்டினர், புள்ளிகளிலும் கைவைத்தனர். பிள்ளைகளுக்கோ உண்மை தெரியாது. இன்று இவ்வாறு செய்ய எந்தப் பல்கலைக்கழகமும் அனுமதியளியாது. அன்றியும், 1953 ஆம் ஆண்டிலே நியூயோர்க் மாநிலத்தில் ஷெரிவ் நடத்திய முந்திய பாசறை ஒன்று இடைநடுவிலே கைவிடப்பட்டது. அங்கே பிள்ளைகளை முதலிலே ஒன்றாகப் பழகவிட்டு, அதன்பின்னரே இரண்டாகப் பிரித்திருந்தனர். எவ்வளவு தூண்டியும் அவர்கள் தம்முட் பகைத்துக்கொள்ளவில்லை. தம்மை மோதவிட முயல்பவர் பெரியவர்களே என்று ஐயுற்றனர். ஆராய்ச்சி தோற்றது, பிள்ளைகள் வென்றனர். விளையாட்டு முகாமைத்துவ மாணவனுக்கு, வெற்றி பெற்ற ஆராய்ச்சியினும் தோற்றுப்போன இந்த ஆராய்ச்சியே கூடுதலாகக் கற்பிக்கிறது எனலாம். இல்லங்கள் பிரிக்கப்படுமுன் பிள்ளைகள் எவ்வாறு பழகியிருந்தனர், கேடயம் ஒருவருக்கு மட்டுமா, உழைத்தவருக்கும் ஏதேனும் உண்டா என்பவை போட்டி நாளன்று தீர்மானிக்கப்படுவன அல்ல. பல கிழமைகளுக்கு முன், ஒரு சிறு அறையிலே, மேசையைச் சுற்றியிருந்து தீர்மானிக்கப்படுவன. பிணக்கு பெரும்பாலும் அந்த மேசையிலேயே பிறந்துவிடுகிறது.

முடிவிடத்திலே நிற்கும் அந்த இளைஞனுக்கும் இது பொருந்தும். சர்வதேச மெய்வல்லுநர் விதிகளின்படி, முடிவு அறிவிக்கப்பட்டதிலிருந்து முப்பது நிமிடத்துக்குள் முறைப்பாடு செய்யலாம். அதனைப் பிரதான நடுவர் விசாரிப்பார். அவர் தீர்ப்பும் ஒவ்வாதாயின் மேன்முறையீட்டுக் குழுவிடம் எழுத்திலே சமர்ப்பிக்கலாம். இந்த முப்பது நிமிடத்தை வெறும் சடங்கென்று கருதலாகாது. கத்துபவனை எழுதச் சொன்னால் அவன் சிந்திக்கத் தொடங்குகிறான். தாளும் பேனாவும் தேடுவதற்குள் பாதிச் சூடு தணிந்துவிடுகிறது. குழுவிலே இருப்பவர் யாவர் என்று காலையிலேயே அறிவித்திருந்தால், மாலையிலே ஒலிபெருக்கிக்குப் போட்டியிருந்திராது.

எல்லாப் பிணக்கும் தாளிலே தீர்வதில்லை. சில வேளைகளிலே தலைவன் எவர் பக்கத்திலே நிற்கிறான் என்பது உலகறிய வெளிப்பட வேண்டியதாகிறது. 1995 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆந் தேதி மெல்பேண் மைதானத்திலே நடந்ததை நம் நாட்டவர் மறந்திலர். நடுவர் டரல் ஹெயர், முத்தையா முரளிதரனின் பந்துவீச்சை முறைகேடான எறிதல் என்று கூறி ஏழு முறை தவறான பந்தென அறிவித்தார். அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க தம் வீரரைக் கைவிடவில்லை. மூன்று ஆண்டுகள் கழிந்து, 1999 ஆம் ஆண்டு ஜனவரி 23 ஆந் தேதி, அடிலெயிட்டிலே இங்கிலாந்துக்கு எதிரான ஒருநாட் போட்டியிலே நடுவர் றொஸ் எமேர்சன் அவ்வாறே அறிவித்தபோது, ரணதுங்க தம் வீரரை மைதானத்தின் எல்லைவரை அழைத்துச் சென்றார். ஆட்டம் நின்றது. தொலைபேசிகள் பேசின. பின்னர் ஆட்டம் தொடர்ந்தது. இங்கிலாந்தின் 302 ஓட்டங்களை இலங்கை அணி ஒரு விக்கெட் மட்டுமே எஞ்சியிருக்கக் கடந்து வென்றது. ரணதுங்கவுக்கு ஆறு போட்டித் தடை, ஒத்திவைக்கப்பட்ட தண்டனையாக, விதிக்கப்பட்டது.

அவர் செய்தது சரியா? வகுப்பறையிலே இவ்வினாவை எழுப்பினால் மணி அடிக்கும்வரை விவாதம் ஓயாது. நடுவரின் தீர்ப்புக்குத் தலைவணங்காத தலைவன் நாளை ஒவ்வொரு பாடசாலை மைதானத்திலும் பின்பற்றப்படுவான் என்பது ஒரு பக்கம். தன் வீரன் பல்லாயிரவர்முன் தனித்து நிற்கையிலே விதிப்புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவன் தலைவனல்லன் என்பது மறுபக்கம். இரண்டிலும் உண்மையுண்டு. ஆயினும் இப்பிணக்கு அடிலெயிட்டிலே தீரவில்லை என்பதை மாணவர் கவனிக்க வேண்டும். அது தீர்ந்தது ஆய்வுகூடத்திலே. மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் முரளிதரனின் கையைப் படமெடுத்து அளந்தனர். பிறவியிலேயே முற்றாக நீட்ட முடியாத முழங்கை அவருடையது. பிற்காலத்திலே மற்றப் பந்துவீச்சாளரையும் அவ்வாறே அளந்தபோது, தூயதெனக் கருதப்பட்ட பல கைகளும் ஓரளவு நிமிர்வது தெரியவந்தது. அதற்கு முன் ஐந்து பாகை, ஏழரைப் பாகை, பத்துப் பாகை என வீச்சின் வேகத்துக்கேற்ப இருந்த எல்லை, 2005 ஆம் ஆண்டு மார்ச்சு முதல் யாவருக்கும் பதினைந்து பாகை என்றாயிற்று. நடுவரா வீரரா என்றிருந்த வழக்கு, எவ்வளவு பாகை என்ற வினாவாக மாறியது. பொலெற் அம்மையார் இருந்திருப்பின், அடுத்த அறையின் சாளரம் திறக்கப்பட்டது என்றிருப்பார். முரளிதரன் 2010 ஆம் ஆண்டு ஜூலையிலே காலி மைதானத்திலே தமது எண்ணூறாவது டெஸ்ட் விக்கெட்டுடன் விடைபெற்றார்.

எதிரணியோடு நேரும் பிணக்கினும் தன் அணிக்குள்ளே நேரும் பிணக்கே ஒரு தலைவனுக்குக் கடினமானது. இதற்குப் பிராங் வொறலைப் போன்ற உதாரண புருடர் வேறொருவர் கிடைப்பது அரிது. பாபடோசிலே 1924 ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். நம்மவர் அவரை முன்னரே அறிந்திருந்தனர். 1950-51 பருவத்திலே பொதுநலநாட்டு அணியோடு கொழும்புக்கு வந்து, இலங்கை அணிக்கு எதிராக 285 ஓட்டங்களைக் குவித்தவர். அக்காலத்து மேற்கிந்திய அணி பல தீவுகளின் கலவை. யமேய்க்கர் பாபடோசரை நம்பார். திரினிடாட்காரருக்குக் கயானாக்காரர்மேல் ஐயம். போதாக்குறைக்கு அணித்தலைமை வெள்ளையருக்கே உரியது என்ற எழுதா விதி. 1948 ஆம் ஆண்டிலே ஜோர்ஜ் ஹெட்லி ஒரேயொரு டெஸ்ட் போட்டிக்குத் தலைமை தாங்கியதன்றி, கறுப்பு இனத்தவர் எவருக்கும் அது வாய்க்கவில்லை. எழுத்தாளர் சி. எல். ஆர். ஜேம்ஸ் பத்திரிகை வாயிலாகக் கிளர்ச்சி செய்தார். 1960 ஆம் ஆண்டு அவுஸ்திரேலியச் சுற்றுப்பயணத்துக்கு வொறல் தலைவராக்கப்பட்டார்.

அவருக்கு முன் தலைவராயிருந்த ஜெரி அலெக்சாந்தர் அதே அணியிலே விக்கெட் காப்பாளராகச் சென்றார். பதவியிழந்தவர் ஒருவர் உடனிருப்பது எவ்வளவு இக்கட்டானது என்பதை எந்தச் சங்கத்திலும் செயலாளராக இருந்தவர் அறிவர். ஆனால் அத்தொடரின் மேற்கிந்தியத் துடுப்பாட்டச் சராசரியிலே முதலிடம் பெற்றவர் அந்த அலெக்சாந்தரேயாவர். அவ்வாறு ஆடியவரின் பெருந்தன்மை பெரிது. அவர் அவ்வாறு ஆடத்தக்க சூழலை அமைத்தவரின் திறமையும் சிறிதன்று.

1960 டிசம்பர் 14 ஆந் தேதி, பிறிஸ்பேன் நகரிலே முதலாவது டெஸ்ட் போட்டியின் கடைசி ஓவர். அந்நாளைய அவுஸ்திரேலிய வழக்கப்படி ஓவருக்கு எட்டுப் பந்துகள். ஆறு ஓட்டங்கள் வேண்டும். மூன்று விக்கெட்டுகள் எஞ்சியுள்ளன. வீசுபவர் வெஸ் ஹோல். எகிறு பந்து வீசாதே என்று வொறல் சொல்லியிருந்தார். ஹோல் எகிறு பந்தே வீசினார். எதிரணித் தலைவர் பெனோ அதிலேயே ஆட்டமிழந்தார். சிறிது பொழுதிலே உயரச் சென்ற பந்தொன்றைப் பிடிக்கக் கன்ஹாய் காத்து நிற்க, ஹோல் குறுக்கே பாய்ந்து தவறவிட்டார். கட்டளையை மீறியவர், கைக்கெட்டிய பிடியைக் கெடுத்தவர். ஆயினும் பந்து அவர் கையிலேதான் இருந்தாக வேண்டும். வேறொரு தலைவன் எல்லோர் முன்னிலையிலும் ஏசியிருப்பான். வொறல் அமைதி குலையவில்லை. கடைசிக்கு முந்திய விக்கெட் விழுந்து ஓட்டங்கள் சமமானபோது அருகே சென்று, கோட்டை மிதித்துத் தவறான பந்து வீசிவிடாதே, வீசினால் பாபடோசிலே நீ கால்வைக்க முடியாது என்றாராம். ஹோல் அதனைப் பின்னாளிலே சிரிப்போடு பலமுறை கூறியுள்ளார். ஹோல் கோட்டுக்கு வெகுவாகப் பின்னே காலை ஊன்றி வீசினார். பந்து அடிக்கப்பட்டது, ஜோ சொலமன் பக்கவாட்டிலிருந்து எறிந்து விக்கெட்டை வீழ்த்தினார். டெஸ்ட் வரலாற்றிலே முதன்முறையாக ஓர் ஆட்டம் சமநிலையிலே முடிந்தது.

தொடரை மேற்கிந்தியர் இழந்தனர். ஆயினும் 1961 பெப்ரவரியிலே அவர்கள் விடைபெற்றபோது, மெல்பேண் நகர வீதிகளிலே மக்கள் வெள்ளமாகத் திரண்டு நின்று வழியனுப்பினர். இரு நாடுகளும் மோதும் தொடருக்குரிய கிண்ணம் இன்றும் வொறலின் பெயரையே தாங்குகிறது. ஆட்டம் ஓய்ந்த காலத்திலே அவர் மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்திலே மாணவர் விடுதிக் காப்பாளராகப் பணியாற்றினார். விடுதியிலே பல தீவுப் பிள்ளைகளும் இருந்தனர்.

1962 ஆம் ஆண்டு மார்ச்சிலே பாபடோசில், இந்திய அணித்தலைவர் நரி கொன்றாக்டரின் தலையைச் சார்ளி கிறிவித் வீசிய பந்து தாக்கியது. மண்டை உடைந்து உயிருக்குப் போராடினார். சத்திரசிகிச்சைக்கு இரத்தம் வேண்டியிருந்தது. முன்வந்து கொடுத்தவர்களில் எதிரணித் தலைவரான வொறலும் ஒருவர். கொன்றாக்டர் பிழைத்தார். வொறல் 1967 ஆம் ஆண்டு, நாற்பத்திரண்டாம் வயதிலே, இரத்தப் புற்றுநோயால் இறந்தார். வங்காளக் கிரிக்கெட் சங்கத்தார் ஆண்டுதோறும் பெப்ரவரி 3 ஆந் தேதியை வொறல் நாளாகக் கொண்டாடுகின்றனர். அன்று கொல்கத்தாவிலே இளைஞர் வரிசையாக வந்து இரத்ததானம் செய்கின்றனர்.